பதினான்கு மாதக் குழந்தை நடமாடும் கூடத்தில் ஸ்பீக்கரையும் ரெக்கார்டு பிளேயரையும் காப்பது எப்படி?

மாடிவீட்டு ரசிகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் வாடகை அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் நானும் என் மனைவியும் பதினான்கு மாத மகளும் வசிக்கிறோம். எங்கள் கூடம் நீளத்தில் 16 அடி, அகலத்தில் 11 அடி. அதன் ஒரு சுவரோரமாகத் தரையில் நிற்கும் ஸ்பீக்கர்கள் இரண்டும், அவற்றுக்கு நடுவே முழங்கால் உயர மர மேசையில் ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டு பிளேயரும் இருக்கின்றன. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரமும் 20 செ.மீ. அகலமும் 19 கிலோ எடையும் கொண்டது. திருமணத்துக்கு முன் நான்கு ஆண்டுகள் சேமித்து வாங்கியவை. மேசைக்குக் கீழே சுமார் 200 எல்.பி. தட்டுகளும், என் தாத்தா விட்டுச்சென்ற நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகள் நாற்பதும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

மகள் தவழ்ந்துகொண்டிருந்த வரை ஒரு நீளத் தலையணையைக் குறுக்கே போட்டுச் சமாளித்துவிட்டோம். கடந்த மாதம் அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து நிலைமை மாறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வலப்பக்க ஸ்பீக்கரில் மோதினாள். காந்தத்தால் ஒட்டியிருந்த துணி மூடி கழன்று விழுந்தது. நான் எழுந்து ஓடுவதற்குள், உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டரின் நடுவே விரலை வைத்து அழுத்திவிட்டாள். அந்தச் சிறிய துணிக் குமிழ் இப்போது பாதி உள்ளே குழிந்திருக்கிறது; ஒலி வருகிறது, ஆனால் முன்பிருந்த தெளிவு இருக்கிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்பக்கக் காற்றுத் துளைக்குள் ஒரு கரண்டியும் இரண்டு நாணயங்களும் கிடந்தன. செவ்வாய்க்கிழமை இரவு ஆம்ப்ளிஃபையரின் ஒலித் திருகை ஒரே இழுப்பில் பாதிக்கு மேல் திருப்பிவிட, எழுந்த சத்தத்தில் அவளே பயந்து வெகுநேரம் அழுதாள்.

உறவினர்கள் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போடச் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு மனமில்லை. மாலையில் விளக்கேற்றிய பிறகு ஏதாவது ஒரு தட்டை ஓடவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. முள் தட்டில் இறங்கும் அந்தச் சிறு ஒலி வந்ததும் அவள் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அதை இழக்காமல் கருவிகளைக் காக்க வழி இருக்கிறதா? குழிந்த ட்வீட்டரை நானே சரிசெய்யலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாலிடர்கோல்

வணக்கம் நண்பரே. கோவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வரும் ட்வீட்டர்களில் கணிசமானவை குழந்தைகளின் ஆட்காட்டி விரலால் குழிந்தவையே. குமிழ் வடிவத்தில், கண்ணுக்கு நேரே, பொத்தானைப் போல இருப்பதை அழுத்திப் பார்க்காத குழந்தை இல்லை. ஆகவே மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

உங்களுடையது துணிக் குமிழ் என்று எழுதியிருப்பது நல்ல செய்தி. பட்டு அல்லது செயற்கை இழைத் துணியில் மேற்பூச்சு தடவிச் செய்யும் இவ்வகைக் குமிழ்கள் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். சுவருக்கு வண்ணம் பூசுகிறவர்கள் ஓரத்தில் ஒட்டும் காகித மாஸ்க்கிங் டேப்பில் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பசைப் பக்கத்தைக் குழியின் விளிம்பில் மிக மெல்லத் தொடும்படி வைத்து, ஒட்டியதும் நேராக முன்னோக்கி மெதுவாக இழுங்கள். ஒரே முயற்சியில் வராது. பத்துப் பன்னிரண்டு முறை, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செய்ய வேண்டியிருக்கும். பார்சல் ஒட்டும் பழுப்பு நிற டேப்பைத் தொடவே வேண்டாம்; அதன் பசை மேற்பூச்சையே உரித்துக்கொண்டு வந்துவிடும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சச் சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. அப்படி உறிஞ்சப்போய்க் குமிழைச் சுருளோடு பிய்த்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பலர். குமிழுக்குப் பின்னால் தலைமுடிபோன்ற கம்பியால் சுற்றிய சுருள் ஒன்று, மில்லிமீட்டரின் பின்ன அளவே உள்ள இடைவெளியில் காந்தத்துக்குள் நிற்கிறது. அது சற்றுக் கோணலானாலும் உரசத் தொடங்கிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: உங்கள் ட்வீட்டர் அலுமினியம் அல்லது டைட்டானியம் என்றால், குழி வெளியே வந்தாலும் மடிப்புக் கோடு நிலைத்துவிடும், மாற்றுவதே வழி. பெரிலியம் என்றால் உடைந்த பிறகு கையால் தொடவோ ஊதவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அறையிலிருந்து குழந்தையை அப்புறப்படுத்திவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தை அழையுங்கள்.

தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய கூம்பான வூஃபரின் நடுவில் உள்ள காகித மூடி குழிந்தால் பதற வேண்டியதில்லை. அது பெரும்பாலும் தூசி புகாமல் காக்கும் மூடிதான். விரல்களை வட்டமாகப் பரப்பி கூம்பைச் சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை கேட்கவில்லை என்றால் சுருள் பத்திரமாக இருக்கிறது. கூம்பில் சிறு கிழிசல் இருந்தால், தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைத் தோய்த்துப் பின்புறம் ஒட்டினாலே போதும்.

இனி வராமல் தடுப்பது. காந்தத்தால் ஒட்டும் துணி மூடி, அழகுக்காக வந்த ஏற்பாடு. ஒரு வயதுக் குழந்தைக்கு முன்னால் அது நிற்காது. துளையிட்ட அலுமினியத் தகட்டை அளவெடுத்து வெட்டி, ஓரங்களை மடித்து, அந்தத் துணிச் சட்டத்தின் உட்புறம் பொருத்தலாம். துளைகள் 3 அல்லது 4 மி.மீ. இருந்தால் விரல் நுழையாது, ஒலியும் தாராளமாக வெளிவரும். தகடு அதிராமலிருக்க ஓரம் முழுவதும் ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். வூஃபர் கூம்பு முன்னும் பின்னும் அசைய ஒன்றரை செ.மீ. இடமாவது விட வேண்டும். பிறகு சட்டத்தை நான்கு சிறு திருகாணிகளால் பெட்டியோடு இறுக்கிவிடுங்கள். பெட்டியில் துளை போடுவது உங்களுக்கு வருத்தமளிக்கும் என்பது புரிகிறது. மெழுகால் அடைத்துச் சாயம் பூசினால் பின்னாளில் தெரியாது.

நாணயத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் இழுக்கும் வகைத் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அவை உள்ளே போனால் வூஃபர் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, குறிப்பிட்ட தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் ரீங்காரமிடும். இரண்டுதான் விழுந்தனவா என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். துளைக்கு ஒரு பெரிய ஸ்பாஞ்சு அடைப்பான் போடுங்கள். தாழ்ந்த ஒலி சற்றுக் குறையும். சுவரோரமாக வைத்த ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் நன்மைதான்.

ஒலித் திருகு ஆபத்தானது. திறனுக்கு மேல் முடுக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையரில் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, உயர் அதிர்வெண் ஆற்றல் மிகுதியாகிறது. அதைத் தாங்காமல் முதலில் எரிவது ட்வீட்டர். உங்கள் ஆம்ப்ளிஃபையரில் அதிகபட்ச ஒலிக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருகை நேராகப் பிடித்து இழுங்கள். பல கருவிகளில் அது கழன்று வந்துவிடும், சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு மிகச் சிறிய திருகாணி இருக்கும். கேட்கும்போது மாட்டிக்கொண்டு, மற்ற நேரத்தில் உயரமான இடத்தில் வையுங்கள். கேட்டு முடித்ததும் சுவர்ச் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

இருபிள்ளைத் தாய்

சகோதரருக்கு வணக்கம். குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இரண்டு பிள்ளைகளை இதே போன்ற கூடத்தில் வளர்த்தவள். என் கணவரும் உங்களைப் போன்ற இசைப் பித்தர்தான். மேலே எழுதிய நண்பர் கருவிக்கான வழிகளை அருமையாகச் சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது ட்வீட்டர் அல்ல. நடைவண்டி மோதிய 19 கிலோ பெட்டி.

கணக்கைப் பாருங்கள். 20 செ.மீ. அகலப் பெட்டி பக்கவாட்டில் சாய, அதன் எடை அடியின் பாதி அகலமான 10 செ.மீ. தூரத்தில்தான் எதிர்த்து நிற்கிறது. உங்கள் மகள் சுமார் 75 செ.மீ. உயரம் இருப்பாள். அந்த உயரத்தில் கை வைத்துத் தள்ளினால், பெட்டி சாயத் தொடங்க இரண்டரை கிலோ அளவு விசை போதும். ஒன்பது பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை மேலே சாய்ந்தாலே அதைத் தாண்டிவிடும். நிற்கப் பழகும் குழந்தை எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொண்டுதான் எழும். வூஃபரின் விளிம்பு அதற்கு வாகான பிடி. பளபளப்பான டைல்ஸ் தரையில் கூர்முனைக் கால்களோடு நிற்கும் ஸ்பீக்கர் இன்னும் நிலையற்றது. ஆகவே தகடு வெட்டுவதற்கு முன், இன்றைக்கே, ஸ்பீக்கர்களைச் சாயாதபடி கட்டுங்கள். பின்பக்கம் மேல் முனையிலிருந்து சுவருக்கு ஒரு உறுதியான நாடாவோ இரும்பு ஆங்கிளோ போட்டால் கருவியும் குழந்தையும் சேர்ந்தே காப்பாற்றப்படும். ஸ்டாண்டின் மேல் சிறிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம், ஏனெனில் அங்கே எடை முழுவதும் மேலே இருக்கிறது.

இரண்டாவது, ரிமோட். சவுண்ட்பார், சிறிய ஆம்ப்ளிஃபையர் போன்றவற்றின் மெல்லிய ரிமோட்டுகளில் சி.ஆர். 2025 அல்லது சி.ஆர். 2032 என்ற காசு வடிவ லித்தியம் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத் திசுவின் வழியே மின்னோட்டம் பாய்ந்து, திசுவை அரிக்கும் காரப்பொருள் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை ஏற்படுத்திவிடும். பேட்டரி தீர்ந்துபோனது என்பதால் ஆபத்து நீங்கிவிடாது. மூடியில் திருகாணி இல்லாத ரிமோட்டைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. டேப் ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த டேப்பைக் குழந்தை பல்லால் உரிப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே உடனே 108ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஓராண்டு நிறைந்த, விழுங்க முடிகிற குழந்தையாக இருந்து, பேட்டரியை விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம் என்பது அமெரிக்காவின் நேஷனல் கேப்பிட்டல் பாய்சன் சென்டர் தரும் வழிகாட்டுதல். தேன் தேடுவதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது.

ஸ்பாஞ்சு அடைப்பானைப் பற்றி ஒரு சொல்: அது குழந்தையின் முஷ்டியைவிடப் பெரிதாக, எளிதில் பிய்யாததாக இருக்கட்டும். கடித்து விழுங்கிய ஸ்பாஞ்சுத் துண்டு மூச்சுக்குழாயை அடைக்கும்.

கம்பிகள் தொங்கும் வளையமாக இருக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் பி.வி.சி. கேசிங்கைச் சுவரின் அடியோரம் ஓட்டி ஸ்பீக்கர் கம்பியை அதற்குள் விடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் ஒரு மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து மேசையின் பின்புறம் பொருத்துங்கள். உங்கள் மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், மின்சுமை மிகுந்தால் துண்டிக்கும் சாதாரண எம்.சி.பி. மின் அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றாது.

இறுதியாக, அவளுடைய காது. செவிக்குப் பாதுகாப்பாகக் கேட்கும் கருவிகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. நீங்கள் சோபாவில் மூன்று மீட்டர் தள்ளி இருப்பீர்கள். அவள் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள். உங்களுக்கு இதமாகக் கேட்பது அவளுக்குப் பல மடங்கு அதிகம். மடியில் வைத்துக் கேட்கும் உங்கள் வழக்கம் அந்த வகையிலும் மிக நல்லது.

கிழக்குக்கடற்கரை

எங்கள் வீட்டில் ஆசாரியை வைத்துக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உள்ள பிளைவுட் அலமாரி ஒன்று செய்து, ஆம்ப்ளிஃபையர், பிளேயர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டோம். இரண்டு ஆண்டுகளாக ஒரு கீறல்கூட இல்லை. இதுவே எளிய வழி என்பது என் கருத்து.

சாலிடர்கோல்

அலமாரி நல்லதுதான், ஆனால் ஆம்ப்ளிஃபையர் மூச்சுவிட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னை மே மாதத்தில் கூடமே 35 டிகிரியில் இருக்கும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அது எவ்வளவு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுளைக் குறைப்பது வெப்பமே. மேலே ஒரு சாண் இடம் விட்டு, பின்பலகையை எடுத்துவிட்டு, கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் திறப்பு வைத்தால் அலமாரி தாராளமாகப் பயன்படும். வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் மட்டும் அலமாரியை நினைக்கவே வேண்டாம்; கம்பிக் கூண்டோடு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதன் கண்ணாடிக் குழாய்கள் தொட்ட நொடியில் தோலைச் சுடும். உள்ளே 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கும்.

பாலோ கஞ்சியோ கருவியின் மேல் கொட்டினால், துடைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். மேலுக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் யாராவது திறந்து சுத்தம் செய்யும் வரை இயக்காதீர்கள். பால் காய்ந்த இடத்தில் ஈரப்பதம் சேர்ந்து மின்பலகை அரிக்கும்.

மாடிவீட்டு ரசிகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா அவர்கள் எழுதிய கணக்கைப் படித்துவிட்டு, அன்றிரவே இரண்டு ஸ்பீக்கர்களையும் படுக்கவைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். நான் இதுவரை அந்தக் கோணத்தில் நினைத்தே பார்க்கவில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

ஒரு சிக்கல். இது வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. டிரில் போடாமல் ஸ்பீக்கரை நிலைநிறுத்த வழி உண்டா?

சாலிடர்கோல்

உண்டு. ஸ்பீக்கரின் அடியில் கூர்முனைக் கால்கள் மாட்டிய நான்கு மரைத் துளைகள் இருக்கும். பெரும்பாலும் எம் 6 அல்லது எம் 8 அளவு, அதாவது 6 அல்லது 8 மி.மீ. போல்ட்டுக்கானவை. அவற்றையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கிரானைட் கடையில் சமையலறை மேடைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். 50க்கு 50 செ.மீ. அளவில், 18 மி.மீ. கனத்தில் இரண்டு பலகைகள் வெட்டச் சொல்லுங்கள். குழாய்க்குத் துளை போடுகிற அதே இயந்திரத்தில் நான்கு துளைகள் போட்டுத் தருவார்கள். முனைகளை மழுக்கி உருண்டையாக்கச் சொல்ல மறக்காதீர்கள். ஸ்பீக்கரைக் கல்லோடு போல்ட்டால் இறுக்கி, கல்லுக்கு அடியில் ரப்பர் கால்கள் ஒட்டுங்கள்.

அந்தக் கல் ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். மொத்தம் 31 கிலோ, பாதி அகலம் 25 செ.மீ. சகோதரி போட்ட அதே கணக்கில், 75 செ.மீ. உயரத்தில் தள்ளினால் இப்போது 10 கிலோ விசைக்கு மேல் வேண்டும். இரண்டரைக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்! வெறுமனே கல்லின் மேல் வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது, இறுக்கியே ஆக வேண்டும்.

இதற்கு மேலும் உறுதி வேண்டும், ஏனெனில் அவள் வளர்ந்துகொண்டே இருப்பாள், நாளை ஏறவும் முயல்வாள். உங்கள் கூடத்தில் ஜன்னல் இருந்தால் அதன் இரும்புக் கம்பிதான் வீட்டிலேயே உறுதியான பிடிமானம். ஸ்பீக்கர்களை ஜன்னல் சுவரின் பக்கம் மாற்றி, பின்புறத்திலிருந்து கம்பிக்கு லாரிகளில் சுமை கட்டும் தட்டை நாடா போட்டு இறுக்கிவிடுங்கள். மழைச் சாரல் அடிக்கும் ஜன்னலாக இருக்கக் கூடாது.

அரக்குத்தட்டு

தம்பி, எழுபதைத் தாண்டியவன் எழுதுகிறேன். ஸ்பீக்கரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். உங்கள் தாத்தாவின் நாற்பது தட்டுகள் தரையோரம் இருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எல்.பி. தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக், குழந்தை போட்டால் கீறல் விழும், பெரும்பாலும் உடையாது. 78 சுழற்சித் தட்டு அப்படியல்ல. அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்தூள் சேர்த்து அழுத்தியது அது. அந்த அரக்கு உலகத்துக்கே பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போனது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் மண்சட்டி போலச் சிதறும், சில்லின் விளிம்பு பாதத்தைக் கிழிக்கும். உடைந்த தட்டை ஒட்டவைத்துக் கேட்க முடியாது. பல பாடல்களுக்கு வேறு பிரதியும் கிடைக்காது. பழைய வீட்டுச் சுவர்களில் உள்ள கடப்பா கல் அலமாரி உங்கள் வீட்டிலும் இருந்தால், அதன் மேல்தட்டில் நிற்கவைத்து அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். பரணில் வைக்காதீர்கள், கூரைச் சூட்டில் வளைந்துவிடும். கையோடு நாற்பதையும் ஒருமுறை கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு எல்.பி. முள் உதவாது, 78க்கென்று உள்ள அகலமான முள் வேண்டும்.

பிளேயரைப் பொறுத்தவரை, கேட்டு முடித்ததும் மூன்று வேலைகளைக் கைவிடாதீர்கள்: முள்ளுக்கு உறை மாட்டுவது, முள்ளைத் தாங்கும் பிளேயரின் கையைக் கொக்கியில் பூட்டுவது, மூடியை இறக்குவது. இந்தச் சில ஆண்டுகளுக்கு மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜே (முள் பொருத்திய சிறு பகுதி) போதும். அதில் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். மூவிங் காயில் வகையில் முள் வளைந்தால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டிவரும். விலையுயர்ந்தது ஏதும் மாட்டியிருந்தால் இப்போது கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டு வயதில் பெண் குழந்தை சராசரியாக 86 செ.மீ. உயரம், மூன்று வயதில் 95 செ.மீ. வளர்ந்துவிடும். இன்று எட்டாத மேசை அடுத்த தீபாவளிக்கு எட்டும். அதை மனத்தில் வைத்து உயரத்தைத் தீர்மானியுங்கள்.

எல்லாவற்றையும் எட்டாமல் வைப்பது மட்டும் போதாது என்பது என் அனுபவம். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கொலு வைப்பார்கள். மண் பொம்மைகள் மேல்படிகளில் இருக்கும். கீழே பூங்கா கட்டும் இடம் பிள்ளைகளுக்கு. மரப்பாச்சியை எடுக்கலாம், நகர்த்தலாம், கடிக்கவும் கடிக்கலாம். தங்களுக்கென்று ஓர் இடம் இருந்ததால் நாங்கள் மேல்படியைத் தொட்டதில்லை. அதே முறையில் என் பேரனுக்கு, பேட்டரியை எடுத்துவிட்ட ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் கொடுத்தேன். நன்றாக இறுகிய, சுற்றினால் கடகடவென்று திரும்பும் திருகுகள் அதில் இருந்தன. அவன் தேடியது அந்தத் திருகைத்தான், என் ஆம்ப்ளிஃபையரை அல்ல. இரண்டு வயதுக்குப் பிறகு அவன் கையைப் பிடித்துத் தட்டின் ஓரத்தை மட்டும் தொடப் பழக்கினேன். இன்று பன்னிரண்டு வயதில், என்னைவிடக் கவனமாக முள்ளை இறக்குகிறான்.

மாடிவீட்டு ரசிகன்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். ட்வீட்டரின் குழி மாஸ்க்கிங் டேப்பில் பதினான்காவது முறை வெளியே வந்தது. உற்றுப் பார்த்தால் மெல்லிய சுருக்கம் ஒன்று தெரிகிறது. ஒலியில் இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. வலப்பக்கத் துளைக்குள் மூன்றாவதாக ஒரு நாணயமும் இருந்தது. வூஃபரைக் கழற்றித்தான் எடுத்தேன்.

கிரானைட் பலகைகள் மாட்டியாகிவிட்டது. ஜன்னல் கம்பியோடு நாடாவும் கட்டினேன். நானே முழுப் பலத்தோடு தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. துளைத் தகடு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதுவரை ஒலித் திருகு என் சட்டைப் பையில் இருக்கிறது. அரக்குத் தட்டுகள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. ஐயா சொன்னபடி பழைய வானொலி ஒன்றை மகளுக்குக் கொடுத்தோம். முதல் நாள் முழுவதும் அதன் திருகை விட்டு அவள் நகரவில்லை. இருந்தாலும் பிளேயரின் மூடியைத் தட்டுவதை இன்னும் விடவில்லை. ஆகவே பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரையும் நெஞ்சளவு உயரமுள்ள பழைய தேக்கு அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

மாற்றியதிலிருந்து தட்டு ஓடும்போது மட்டும் 'ம்' என்ற இரைச்சல் கேட்கிறது. உயரத்தினால் ஏற்பட்ட கோளாறா?

சாலிடர்கோல்

உயரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிளேயரிலிருந்து வரும் தனி எர்த் கம்பி, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் உள்ள திருகில் இறுக்கமாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாற்றும்போது அது கழன்றிருக்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் பிளேயரை ஆம்ப்ளிஃபையரின் மேலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அலமாரியையும் மேல்புறமாகச் சுவரின் ஜன்னல் கம்பியோடு ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள், அதன் இழுப்பறைகளைப் படிகளாக்கி அவள் ஏறும் நாள் தொலைவில் இல்லை.